முனியாண்டி சிலையில் ஒட்டிய கறுப்பு

எங்கள் மாரியம்மன் கோயிலில் முனியாண்டி வெளியே, அரசமரத்தடியில் நிற்கிறார். கூரை கிடையாது. கூரை போட்டால் அவர் இருக்கமாட்டார் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லி வந்ததால் யாரும் போடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பூசாரி ஐயா அவருக்கு நல்லெண்ணெய் சாற்றுவார். அடுத்த வெள்ளி, பழைய எண்ணெயை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு அபிஷேகம் செய்வார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், அர்ச்சனைக்குப் போன என்னை அவர் மரத்தடிக்குக் கூப்பிட்டார். கையில் இரண்டு துணி. "இது முதுகுப் பக்கம் தொடச்சது, இது முன்பக்கம். பாரும்மா" என்றார். முதுகுத் துணியில் எப்போதும்போல எண்ணெய் மஞ்சள். முன்பக்கத் துணி, அடுப்புக்கரியைத் தேய்த்ததுபோல் கறுப்பு. எங்கள் முனியாண்டி மேற்கைப் பார்த்து நிற்கிறார். மேற்கே துறைமுகம்.

பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். காற்றில் வரும் தூசு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க, பசை தடவிய அட்டையை ஓர் உருளையைச் சுற்றி ஒட்டி வெளியே நிறுத்துவார்களாம். எந்தப் பக்கம் அதிகம் ஒட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் தூசு கிளம்புகிற இடம். எண்ணெய் பூசிய கருங்கல் சிலை செய்வதும் அதே வேலைதான். பூசாரி ஐயா ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனித் துணியில் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

எங்கள் ஊர் மலேசியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பழைய தோட்டப் பட்டணம். தாத்தா காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், அப்பா காலத்தில் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்து, எங்களுக்கு மலிவு விலை வீடுகள் வந்தன. வீடு கிடைத்த சந்தோஷத்தில் ஒன்றை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. எங்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. காற்றின் வேகத்தை அந்த மட்டைகள் வாங்கிக்கொண்டன. தூசையும் அவையே வாங்கிக்கொண்டன. மழை வந்து மட்டையைக் கழுவிவிடும். எவ்வளவு தூசு வந்தது என்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

அந்த மரங்கள் போன இடத்தில் இன்றைக்குக் கிடங்குகளும் லோரி நிறுத்துமிடங்களும் திறந்தவெளிச் சரக்கு முற்றங்களும் இருக்கின்றன. கப்பலிலிருந்து இறக்கியதை அங்கே மலைபோல் குவிக்கிறார்கள். பிறகு லோரியில் அள்ளிப் போடுகிறார்கள். மலைக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

தூசு எப்போது வரும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் மணி சொல்வார்கள். மத்தியானம் பன்னிரண்டு, ஒன்றுக்குமேல். வெயிலில் தரை சூடேறினால் கடல் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும். சாயங்காலம் அடங்கி, ராத்திரி திரும்பிக்கொள்ளும். கடலோரத்தில் பிறந்த எவருக்கும் இது தெரிந்த விஷயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். எங்கள் பக்கம் மழையும் அப்போது குறைவு. துணி காயப்போடுவதும் மத்தியானம்தான். என் அம்மா காலை ஆறரைக்கே துவைத்துப் போட்டுப் பதினொன்றரைக்குள் எடுத்துவிடுகிறார். பக்கத்துக் கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமத்தில், கருவாடு காயவைத்து விற்றுக்கொண்டிருந்த மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். யாருடைய கணக்கிலும் ஏறாத நஷ்டம் அது.

வெளியூர்க்காரர்கள் தூசு என்றால் ஒரே தூசு என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு நாலு விதம் தெரியும்.

நிலக்கரி என்றால் விரலில் தேய்த்தால் மை மாதிரி இழுபடும். வெள்ளை ஓட்டுத் தரையில் நடந்தால் பாதம் பதியும். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு பழுப்பு நிறம், வாசனையும் உண்டு. எண்ணெய் ஆட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை அது. மாட்டுத் தீவனமாக நியூசிலாந்து வரைக்கும் கப்பலேறுகிறது. இரும்புத் தாது செம்பழுப்பு. எதிர்வீட்டு அக்காவின் மகன் பள்ளிக்கூட அறிவியல் பெட்டியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, காகிதத்தில் மூடி, சன்னல் விளிம்பில் ஓட்டிக் காட்டினான். மயிர் சிலிர்த்ததுபோல் காகிதத்தில் தூள் எழுந்து நின்றது. தாது எல்லாமே காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அன்றைக்கு வந்தது ஒட்டியது. நாலாவது, சிமெண்டுக்கு மூலப்பொருளான கிளிங்கர். சாம்பல் நிறம். ராத்திரிப் பனியில் நனைந்தால் காரின் மேல் இறுகிவிடும். தேய்த்தால் சாயத்தோடுதான் வரும்.

இந்த வித்தியாசத்தை விளக்கமாக எழுதக் காரணம் இருக்கிறது. "தண்ணீர் தெளிக்கிறோம்" என்பதுதான் எல்லாவற்றுக்கும் கிடைக்கிற பதில். நிலக்கரிக்குத் தண்ணீர் சரி. குவியலை இறுக்கி அழுத்தி, மேலே ஓடு கட்டும் கரைசலைத் தெளித்தால் இன்னும் சரி. ஆனால் புண்ணாக்கில் தண்ணீர் பட்டால் பூஞ்சை பிடிக்கும். கிளிங்கர் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும். உரமும் அப்படித்தான், கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட சரக்குக்கு வேண்டியது சுவரும் கூரையும் உள்ள கிடங்கு. வேறு வழி கிடையாது. தண்ணீர் தெளிக்க முடியாத சரக்கைத் திறந்தவெளியில் வைத்துக்கொண்டு தண்ணீர் தெளிப்பதாகச் சொன்னால், அந்தப் பதிலை யாராவது எதிர்த்துக் கேட்க வேண்டும் இல்லையா?

குவியலிலிருந்து சும்மா பறக்கிற தூசைவிட, சரக்கு அசையும்போது கிளம்புவதுதான் அதிகமாக எங்கள் கண்ணில் பட்டது. கப்பலிலிருந்து தொட்டிவாளி அள்ளி வந்து உயரத்தில் வாயைத் திறக்கும்போது ஒரு புகை எழும். அதே வாளி குவியலுக்கு அருகில் தாழ்ந்து வந்து திறந்தால் பாதி அடங்கிவிடும். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம், ஓட்டுபவருக்கு அவசரமில்லாமல் இருந்தால் போதும். அப்புறம் லோரிச் சக்கரம். முற்றத்துச் சேறும் தூளும் சக்கரத்தில் ஒட்டிச் சாலைக்கு வந்து, காய்ந்து, அடுத்த லோரி போகும்போது மாவாகி எழுகிறது. சாலையில் விழுந்த ஒரு பிடி தூள், நாள் முழுக்க நூறு தடவை பறக்கிறது.

என் மகனைப் பற்றி எழுத வேண்டுமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதுகிறேன். அவனுக்கு இளைப்பு உண்டு, சின்னதிலிருந்தே. துறைமுகத் தூசுதான் கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். என் அப்பாவுக்கும் இருந்தது, குடும்பத்தில் ஓடுகிற நோய். ஆனால் வருஷத்தில் இரண்டு தடவை கிளினிக் போனவன், முற்றங்கள் வந்த பிறகு மாதத்தில் இரண்டு தடவை போனான். அரசாங்கக் கிளினிக்கில் சீட்டுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான். மூச்சு மருந்துப் புகையான கேஸ் வைத்து, அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்புவார்கள். அந்த நீண்ட பெஞ்சியில் ஒரு ஜூலை சாயங்காலம் திரும்பிப் பார்த்தால், எங்கள் குடியிருப்பான தாமானிலிருந்தே ஐந்து பிள்ளைகள். அம்மாமார்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் பேசவில்லை. கூட்டம் கூடிப் பேசலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது அந்தப் பெஞ்சியில்தான்.

டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கினார். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்; தலைமுடியின் தடிமன் ஐம்பது அறுபது மைக்ரான் இருக்கும். பத்து மைக்ரானுக்குக் கீழே இருக்கிற தூசு மூச்சோடு உள்ளே போகும். இரண்டரைக்குக் கீழே இருப்பது நுரையீரலின் அடிவரை இறங்கும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூசு மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும், துணியையும் தரையையும்தான் கெடுக்கும். ஆனால் பெரியது பறக்கிற காற்றில் சின்னதும் பறக்கிறது. தரையைக் கூட்டும் பெண்மணி பெரியதைப் பார்க்கிறாள். அவள் பேரன் சின்னதை இழுக்கிறான்.

புகார் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லப் போவதில்லை, அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். ஒரு மேசையில், வேலிக்கு உள்ளே நடப்பது எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இன்னொரு மேசையில், வேலிக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். மூன்றாவது மேசையில் ஓர் இளம் அதிகாரி கைப்பேசியைத் திறந்து அன்றைய காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் காட்டினார். அறுபது சொச்சம். "மிதம்தான் அக்கா, பயப்பட ஒன்றுமில்லை." அவர் பொய் சொல்லவில்லை. 50 வரை நலம், 100 வரை மிதம், அதற்குமேல்தான் ஆரோக்கியக் கேடு. அவர் காட்டிய எண் உண்மையான எண்தான்.

வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் சங்கதி விளங்கியது. தூசுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருகிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடலாம். மத்தியானம் இரண்டு மணி நேரம் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் தூசு இருக்கட்டும். மீதி 22 மணி நேரம் 30 இருக்கட்டும். சராசரி 61. பி.எம்.10 என்கிற பத்து மைக்ரான் தூசுக்கு நம் நாட்டு வரம்பு, 24 மணி நேரச் சராசரியில் 100. ஆக அந்த நாள் தேறிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 45; அதன்படி தேறாது. எப்படியிருந்தாலும், அந்த இரண்டு மணி நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வந்த பிள்ளை சராசரியைச் சுவாசிக்கவில்லை. 400ஐச் சுவாசித்தான்.

இன்னொன்று, அளக்கும் நிலையம் எங்கள் ஊரில் இல்லை. தூரத்துப் பட்டணத்தில் இருக்கிறது. காட்டுத்தீயால் வரும் புகைமூட்டத்துக்கு அது போதும், ஏனென்றால் புகைமூட்டம் மாநிலத்தையே மூடும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். அந்த வாரம் எங்களுக்கெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. குவியல் தூசு அப்படிப்பட்டதில்லை. இரண்டு தெருவுக்கு வரும், மூன்றாவது தெருவுக்கு வராது. அதைத் தூரத்து நிலையத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பகாங் மாநிலத்துக் குவாந்தானில் நடந்ததை எங்கள் கூட்டத்தில் யாரோ ஒருவர் எடுத்தார். அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் வந்தது. 2014 ஜனவரியில் இந்தோனேசியா பதப்படுத்தாத தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. சீனத்து அலுமினிய ஆலைகளுக்கு அலுமினியத் தாதுவான பாக்சைட் வேண்டியிருந்தது. பகாங்கில் புக்கிட் கோ என்ற இடத்தில், பெல்டா என்கிற அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டத்துக்காரர்களின் செம்பனை நிலத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். 2013இல் இரண்டு லட்சம் டன் அளவில் இருந்த மலேசிய பாக்சைட், 2015இல் 2 கோடி டன்னைத் தாண்டியது. லோரிகள் இரவும் பகலும் குவாந்தான் துறைமுகத்துக்கு ஓடின. சாலை, வீடு, மரம், பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் சிவப்பு. துறைமுகத்தில் சிவப்பு மலைகள். 2015 டிசம்பர் மழையில் கடலும் சிவந்தது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2016 ஜனவரி 15 முதல் மூன்று மாதம் தோண்டக் கூடாது என்று கூட்டரசு அரசாங்கம் நிறுத்தியது. அந்தத் தடையை நீட்டி நீட்டி 2019 மார்ச் வரை கொண்டுபோனார்கள்.

அதில் எனக்கு முள்ளாகக் குத்திய ஒரு விவரம் உண்டு. சுரங்கம் 250 ஹெக்டருக்குமேல் இருந்தால்தான் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு கட்டாயம் என்று சட்டம் இருந்தது. பெல்டாக்காரர்களின் நிலமோ சின்னச் சின்னத் துண்டு. ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் வரம்புக்குள் இருந்தது. எல்லாத் துண்டும் சேர்ந்தபோது கடல் சிவந்தது. எங்கள் ஊரிலும் அதேபோல்தான் இருக்கிறது. ஒவ்வொரு முற்றமும் சின்னது, ஒவ்வொன்றும் தன் தூசு கொஞ்சம்தான் என்கிறது. எல்லாத் தூசும் வந்து விழுவது ஒரே வாசலில்.

தமிழ்நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்து மக்கள் பல வருஷம் கரித்தூளில் வாழ்ந்த பிறகு வந்த உத்தரவு. அந்தச் சரக்கு எண்ணூர்ப் பக்கம் போயிற்று. அதைப் படித்த ராத்திரி எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. எண்ணூரிலும் துணி காயப்போடுகிற அம்மாமார்கள் இருக்கிறார்களே. எங்கள் மலையைத் தூக்கி இன்னொரு ஊர் வாசலில் வையுங்கள் என்று நான் கேட்கமாட்டேன் என்று அப்போது முடிவு செய்தேன்.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் எழுந்து நின்றார். என் அப்பாவோடு குலை வெட்டியவரின் மகன். "தோட்டம் போனப்ப யாரும் எனக்கு வேல குடுக்கல. இந்த முற்றம்தான் குடுத்துச்சு. வீட்டுக் கடன் இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்கு. மூடச் சொல்லி எழுதினா, என் கையெழுத்து இல்ல" என்றார். மண்டபம் அமைதியானது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அந்தத் தூசை எங்கள் எல்லோரையும்விட அதிகமாக இழுப்பவரும் அவர்தான், கண்ணாடி இறக்கிய லோரியில், நாளுக்குப் பத்து மணி நேரம். அதனால் மனுவை மாற்றி எழுதினோம். மூடு என்று எங்கும் எழுதவில்லை. நனையக் கூடாத சரக்கைக் கூரைக்குக் கீழே வை. நிலக்கரிக் குவியலின் உயரத்தைக் குறை, மேற்கில் காற்றுத் தடுப்பு வலை கட்டு. வாளியைத் தாழ்த்தித் திற. லோரிக்குக் கித்தான் போட்டு நன்றாகக் கட்டு. வாசலில் சக்கரம் கழுவும் தொட்டி வை. காற்று பலமாக அடிக்கிற மத்தியானத்தில் இறக்குவதை நிறுத்து. வேலையாட்களுக்கு முகக்கவசம் கொடு. கடைசி வரியைச் சொன்னவர் அந்த அண்ணன். அவர் கையெழுத்து மனுவில் மூன்றாவதாக இருக்கிறது.

எங்கள் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் சிரமமாக இருந்தது. தோட்டத்துத் துரைக்குப் பயந்து, கணக்கெழுதும் கிராணிக்குப் பயந்து, வேலை வாங்கும் மண்டோருக்குப் பயந்து வளர்ந்தவர்கள். தோட்டத்தில் பூச்சிமருந்தைத் தோளில் சுமந்து அடித்த பெண்கள், கண் எரிச்சலை எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டு மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள். "தூசுதானேம்மா, தண்ணி ஊத்திக் கழுவிட்டாப் போச்சு" என்பார்கள். பொறுத்துக்கொள்வதைத் தங்கள் பலமாக நினைத்தவர்களிடம், பொறுக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் சட்டம் பேசவில்லை. 1974ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்துவிட்டது என்றெல்லாம் அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. பூசாரி ஐயாவின் இரண்டு துணியையும் கொண்டுபோய்க் காட்டினேன். சாமி மேலேயே படிகிறதா என்று ஒரு பாட்டி கேட்டார். பேனாவைக் கேட்டு வாங்கினார்.

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நாள், மணி, காற்று எந்தப் பக்கம், என்ன நிறம், எந்தத் தெரு, கிளினிக் போனது யார். எட்டு வீட்டு வாசலில் வாஸ்லைன் தடவிய வெள்ளைத் தட்டு வைத்துப் படம் எடுக்கிறோம். முதல் மாதம் எழுதியதில் பாதிக்குமேல் உபயோகமில்லை, "இன்றைக்கு ரொம்பத் தூசு" என்றுதான் இருந்தது. இப்போது எதிர்வீட்டு அக்கா எழுதுவதைப் பாருங்கள்: "14:20, தென்மேற்குக் காற்று, பழுப்பு, புண்ணாக்கு வாசனை, மூன்றாம் தெரு கடைசி ஆறு வீடு, கப்பல் இறக்கம் காலை முதல்."

சில மாற்றங்கள் வந்தன. ஒரு முற்றத்தில் சக்கரத் தொட்டி வைத்தார்கள், அது வேலை செய்கிறது. சாலை கூட்டும் வண்டி வாரம் இரண்டு நாள் வருகிறது. தண்ணீர் தெளிப்பு அதிகாரிகள் வருகிற நாளில் நன்றாக நடக்கிறது. மற்ற நாளில் நடப்பது நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. கூரை மட்டும் இன்னும் வரவில்லை. இருப்பதில் செலவு அதிகமானது அதுதான்.

போன மாதம் ஒரு புதிய அதிகாரி கோயிலுக்கே வந்தார். மலாய்க்காரப் பெண், வயது முப்பது இருக்கும். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தடிக்கு வந்தார். பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா, இந்த நோட்டுப் புத்தகத்துக்கும் முந்தியது, என்று கேட்டார். பூசாரி ஐயா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற பெரிய தகர டின்னைத் தூக்கி வந்தார். எண்ணெய்த் துணிகள். வெள்ளிக்கு வெள்ளி, இரண்டு இரண்டாக, பிளாஸ்டிக் பையில் மடித்து, பையின் மேல் பேனாவால் தேதி. எனக்கே தெரியாது அவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார் என்று.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாகப் படம் எடுத்தார். மத்தியானம் ஆகிவிட்டது. கடல் காற்று தொடங்கி, அரசமரத்து இலைகள் புரள ஆரம்பித்தன. பூசாரி ஐயா மிச்சப் பைகளை டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு, உள்ளே வந்து உட்காரம்மா, தூசு வரும் நேரம் என்று அவரிடம் மலாயில் சொன்னார்.